கண்காணிப்புத் திரையில் பெயர் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெட்வொர்க் கண்காணிப்புக் கருவியில் ஒரு சாதனம் சிவப்பாகிறது. பக்கத்தில் 192.168.10.37 என்று ஐபி எண், அதாவது அதன் வலை முகவரி, மட்டும் இருந்தால், அது குளச்சல் கிளையின் ஸ்விட்ச்சா, தக்கலைக் கிடங்கின் கேமராவா? நாகர்கோவிலில் திரை முன்னால் இருப்பவர் தாளைப் புரட்டித் தேடுவார். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவர் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

குமரி மாவட்டத்தில் இதற்கு அவசரம் அதிகம். தென்மேற்குப் பருவமழையும் இங்கே பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தனி. ரப்பர் மரக்கிளை ஒன்று முறிந்து கம்பிமேல் விழுந்தாலே ஃபைபர் போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு நாளில் எந்த ஊர்ச் சாதனம் போனது என்பதைத் திரை பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

ஜாபிக்ஸ், நாகியோஸ், என்டாப்-என்ஜி என்று எந்தக் கண்காணிப்புக் கருவியை வைத்திருந்தாலும் கீழே உள்ள பெரும்பாலானவை பொருந்தும். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

எந்தப் பெயருக்கு எந்த எண் என்று பதிவு வைத்துச் சொல்லும் அமைப்பு டிஎன்எஸ். அதில் பெயர் தேடுவதில் இரண்டு திசை உண்டு. பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்பது ஒன்று; அதற்கு ஏ பதிவு பதில் சொல்லும். எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது மற்றொன்று. அதற்குப் பிடிஆர் பதிவு வேண்டும். இரண்டும் வெவ்வேறு இடத்தில் எழுதப்படுபவை. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சாதனத்தைத் தேடிப் போய்ச் சோதிக்கும் நாகியோஸ், ஜாபிக்ஸ் போன்றவைக்கு முதல் திசை முக்கியம். ஓடும் டிராஃபிக்கைப் பார்த்துப் பட்டியல் போடும் என்டாப்-என்ஜி, வயர்ஷார்க் போன்றவைக்கு இரண்டாவது. உங்கள் சிக்கல் எந்தத் திசையில் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, சோதனையைக் கருவி ஓடும் கணினியில் இருந்தே செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் பெயர் தேடும் கட்டளையான என்எஸ்லுக்அப் அடித்துப் பெயர் வந்தால், லேப்டாப்புக்குப் பெயர் தெரியும் என்பது மட்டுமே நிரூபணம். கருவி வேறு கணினி, வேறு ரிசால்வர் (பெயரைக் கேட்டு வாங்கித் தரும் நிரல்), பல சமயம் வேறு விலேன் (வலையைப் பிரித்த தனித் துண்டு).

லினக்ஸாக இருந்தால் டிக், கெட்எண்ட் ஹோஸ்ட்ஸ் என்ற இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து அடித்துப் பாருங்கள். டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். பெயரையும் எண்ணையும் கையால் எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது, எங்கே முதலில் தேடுவது என்று என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் ஃபைல் சொல்லும் வரிசையையும் மதிக்காது. கெட்எண்ட் போவது கணினியின் வழக்கமான பாதையில். பெரும்பாலான கருவிகளும் அதே பாதையில்தான் போகின்றன. டிக்கில் பதில் வந்து கெட்எண்டில் வரவில்லை என்றால் கோளாறு இந்தக் கணினியின் அமைப்பில். இரண்டிலும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் சர்வர் பக்கம் பாருங்கள், அல்லது அங்கே போகும் வழியில். டிஎன்எஸ் கேள்விகள் போகும் போர்ட் 53 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கலாம். கெட்எண்டில் சரியாக வந்தும் திரையில் வரவில்லை என்றால் மட்டும் கருவியின் செட்டிங்கைத் தொடுங்கள்.

அறிகுறி: வெளித் தளங்களின் பெயர் வருகிறது, உள்ளே இருக்கும் சாதனங்கள் மட்டும் எண்ணாகவே நிற்கின்றன

அதிகம் வரும் புகார் இதுதான். கருவி ஓடும் கணினியில், ஓடும் டிராஃபிக்கைக் காட்டும் டிசிபிடம்ப்பை போர்ட் 53 மட்டும் காட்டச் சொல்லி ஓடவிடுங்கள். கூடவே -என் கொடுங்கள். கொடுக்காவிட்டால் டிசிபிடம்ப்பும் தான் பார்க்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் கேட்கக் கிளம்பும்; எது கருவி கேட்ட கேள்வி, எது இது கேட்ட கேள்வி என்று பிரிக்கவே முடியாது. திரையில் ஏறக்குறைய இப்படி ஓடும்:

192.168.10.5 > 8.8.8.8.53: பிடிஆர்? 37.10.168.192.இன்-ஆடர்.ஆர்ப்பா
8.8.8.8.53 > 192.168.10.5: என்எக்ஸ்டொமைன்

என்எக்ஸ்டொமைன் என்றால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதில். எண் தலைகீழாக இருப்பது பிழை அல்ல, பிடிஆர் கேள்வியின் வடிவமே அப்படித்தான். பார்க்க வேண்டியது, கேள்வி யாரிடம் போகிறது என்பதை. உங்கள் குளச்சல் ஸ்விட்ச்சின் பெயரை உலகத்துக்குப் பொதுவான ஒரு சர்வரிடம் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகிய மூன்று தொகுதிகளும் யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் தனியார் எண்கள். இப்படி வழிதவறி வெளியே வரும் கேள்விகளை வாங்கி "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்வதற்கென்றே ஏஎஸ்112 என்ற சர்வர் கூட்டம் உலகம் முழுவதும் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. அந்த அளவுக்கு இது பொதுவான தவறு.

ஆக, உள்ளே பெயர் தெரிந்தவர் யார் என்று பிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஐபி எண்ணைக் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர்தான் அவர். ரூட்டரின் முகவரியைக் குறிப்பிட்டு, எண்ணுக்குப் பெயர் தேடும் டிக் -எக்ஸ் அடித்துக் கேளுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி போன்ற, உள்ளே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு டிஎன்எஸ் நிரல் ஓடும் ரூட்டராக இருந்தால், எண் வாங்கும்போது சாதனம் சொன்ன பெயரை வைத்து அதுவே பதில் சொல்லும். மைக்ரோடிக் ரூட்டரில் அப்படி இல்லை. யாருக்கு எந்த எண் கொடுத்தது என்ற லீஸ் பட்டியலில் பெயர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது தானாக டிஎன்எஸ்ஸுக்குள் போகாது. லீஸ் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், அல்லது ஸ்டேடிக் பதிவாகக் கையால் போட வேண்டும். நம் ஊர்ப்பக்கம் கேபிள்காரர்கள் பலரும் மைக்ரோடிக் வைத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். லீஸில் பெயரைப் பார்த்துவிட்டு "ரூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள்.

எண்ணைக் கையால் போட்டு வைத்த கேமரா, அதன் பதிவுப் பெட்டியான என்விஆர், பயோமெட்ரிக் பெட்டி எல்லாம் டிஹெச்சிபி பக்கமே வராது. அவற்றின் பெயரை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

நடுவில் சொந்தமாக ஒரு ரிசால்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அன்பவுண்ட் என்ற ரிசால்வர், தனியார் எண்களின் தலைகீழ்ப் பகுதிகளை இயல்பாகவே மூடி வைத்திருக்கும். அந்தப் பகுதிக்கு நோடிஃபால்ட் என்று எழுதினால்தான் உங்கள் ரூட்டரிடம் போய்க் கேட்கும். டிஎன்எஸ்மாஸ்க்கில் போகஸ்-பிரைவ் போட்டிருந்தால் தனக்குத் தெரியாத தனியார் எண்ணை மேலே அனுப்பாது. ரெவ்-சர்வர் வரியில் உங்கள் தொகுதியையும் ரூட்டர் முகவரியையும் கொடுத்தால் வழி திறக்கும். 172.16.0.0/12 தொகுதியில் ஒரு கண்ணி உண்டு. தலைகீழ்ப் பகுதி அதற்கு ஒன்று அல்ல, 16.172 தொடங்கி 31.172 வரை 16 பகுதிகள். ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றவை ஏன் வரவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

என்டாப்-என்ஜியில் இன்னும் ஒரு படி. அதன் -என் விருப்பத்துக்கு 0 முதல் 3 வரை நிலைகள். 0 என்றால் உள்வலை எண்களுக்கு மட்டும் பெயர் தேடும், 1 என்றால் எல்லாவற்றுக்கும், 2 என்றால் ஓடும் டிஎன்எஸ் பதில்களைப் பார்த்துக் கற்பதோடு சரி, 3 என்றால் எதுவும் இல்லை. உள்வலை எது என்பதை -எம் விருப்பம் தீர்மானிக்கும். புதிதாகச் சேர்த்த கிளையின் எண் தொகுதி அதில் விட்டுப்போயிருந்தால், அந்தக் கிளையை வெளியாளாகவே கருதும்.

அறிகுறி: வெளி இணைப்பு அறுந்ததும், நன்றாக இருக்கும் உள் சாதனங்களும் சிவப்பாகின்றன

மற்றவை தொந்தரவு, இது ஆபத்து. மழை நாளில் இப்படித்தான் பேச்சு தொடங்கும்:

"அண்ணே, மொத்தமும் செவந்து கெடக்கு. எல்லா ஸ்விட்ச்சும் ஒண்ணா போச்சா?"

"ஒண்ணா போவாது மக்கா. குலசேகரம் ஸ்விட்ச்சுக்கு ஐபிய போட்டு பிங் அடிச்சுப் பாரு."

"பிங் போவுதுண்ணே."

"அப்ப ஸ்விட்ச்சுக்கு ஒண்ணுமில்ல. பேரு கிட்டாம நிக்குது."

சாதனங்களைப் பெயரால் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வரோ வெளியே எங்கோ, அல்லது விபிஎன் தாண்டித் தலைமை அலுவலகத்தில். கம்பி அறுந்ததும் பதில் சொல்ல ஆள் இல்லை. லினக்ஸ் ரிசால்வரின் இயல்பு அமைப்பில் ஒரு சர்வருக்கு 5 வினாடி காத்திருப்பு, முயற்சி 2. டிஎன்எஸ் சர்வர்களைக் குறித்து வைக்கும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் இரண்டு சர்வர் இருந்தால் ஒரு பெயருக்குச் சுமார் 20 வினாடி போய்விடும். நாகியோஸின் வழக்கமான சோதனை நிரல்கள் 10 வினாடியில் பொறுமை இழந்து சிவப்பு காட்டும். பெயர் தேடி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. சாதனத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உண்மையில் அறுந்தது ஓர் இடம். திரை காட்டுவது நாற்பது இடம். மழையில் ஏணியோடு போகிறவரை எங்கே அனுப்புவீர்கள்? கண்காணிப்பு எந்த நேரத்துக்காக வைக்கப்பட்டதோ, சரியாக அந்த நேரத்தில் அது பொய் சொல்கிறது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: சோதனைக்கு ஐபி, காட்டுவதற்குப் பெயர்.

நாகியோஸில் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் அட்ரஸ் வரியில் எண்ணை எழுதுங்கள். அந்த வரியை விட்டுவிட்டால் ஹோஸ்ட்நேமையே முகவரியாக எடுத்துக்கொண்டு டிஎன்எஸ்ஸைத் தேடிப் போகும். ஜாபிக்ஸில் ஹோஸ்ட்டின் இன்டர்ஃபேஸ் பகுதியில் ஐபி, டிஎன்எஸ் என்று இரண்டு தேர்வு இருக்கும், ஐபியைத் தேர்ந்தெடுங்கள். எண் மாறக்கூடிய சாதனமாக இருந்தால் ரூட்டரில் அதன் மேக் முகவரிக்கு (வலை அட்டையின் அடையாள எண்) ஐபி எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். பெயரால்தான் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிற இடத்தில், அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் அதே கட்டடத்துக்குள் இருக்கட்டும். இருபது முப்பது சாதனம் என்றால் கருவியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலே போதும்.

டிஎன்எஸ் சர்வரையும் ஒரு சாதனமாக, எண்ணால், கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள். நாகியோஸில் பேரண்ட்ஸ் வரியில் எந்த ஸ்விட்ச் எதற்குப் பின்னால் என்றும் எழுதிவிட்டால், முன்னால் இருப்பது போகும்போது பின்னால் இருப்பவை "எட்டவில்லை" என்று தனியாகக் காட்டப்படும். சிவப்பில் எது முதல் சிவப்பு என்று அப்போது தெரியும்.

அறிகுறி: லேப்டாப்பில் பெயர் கிடைக்கிறது, கருவிக்கு "அறியாத ஹோஸ்ட்"

முதலில் பெயரின் வாலைப் பாருங்கள். .லோக்கல் என்று முடிந்தால் அது எம்டிஎன்எஸ்ஸின் சொத்து, 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில், 5353 போர்ட்டில், ஒரே வலைத்துண்டுக்குள் மட்டும் கூப்பிட்டுக் கேட்கும் முறை. லேப்டாப் அதே வைஃபையில் இருப்பதால் அதற்குக் கேட்கிறது. வேறு விலேனில் இருக்கும் கருவிக்கு அந்தக் குரல் எட்டாது. சொந்த டிஎன்எஸ்ஸில் .லோக்கல் என்று வைப்பதும் வேண்டாம், எம்டிஎன்எஸ்ஸோடு மோதும். வீட்டு வலைக்கென்று 2018ல் ஒதுக்கிய ஹோம்.ஆர்ப்பா இருக்கிறது. உள் பயன்பாட்டுக்கென்று .இன்டர்னல் 2024ல் ஒதுக்கப்பட்டது.

வாலே இல்லாத ஒற்றைச் சொல் பெயரா? லேப்டாப்புக்கு ரூட்டர் ஒரு தேடல் டொமைனைக் கொடுத்திருக்கும். அதை ஒட்டித் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது. நிலையான ஐபி போட்ட சர்வரில் அதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, உபுண்டுவில் இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஒற்றைச் சொல் பெயரை இயல்பாக டிஎன்எஸ்ஸுக்கு அனுப்புவதே இல்லை. கருவியில் எப்போதும் முழுப் பெயரை எழுதுவது நல்லது.

கருவி டாக்கர் கன்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனியாகப் பிரித்து வைத்த பெட்டியில், ஓடுகிறதா? அப்படியானால் வெளிக் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் நீங்கள் எழுதியது எதுவும் உள்ளே தெரியாது. சோதனையையும் கன்டெய்னருக்குள் நுழைந்துதான் செய்ய வேண்டும். ஒரே கணினியில் 127.0.0.1ல் (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) டிஎன்எஸ்மாஸ்க் ஓடவிட்டு அதை நம்பியிருந்தால் கவனம்: டாக்கரின் இயல்பு பிரிட்ஜ் வலையில், கன்டெய்னருக்கு அந்த 127 முகவரி பயன்படாது என்பதால் டாக்கர் அதை நீக்கிவிடும், வேறு சர்வர் எதுவும் எழுதப்படவில்லை என்றால் 8.8.8.8ஐ வைத்துக்கொள்ளும். வெளிப்பெயர் எல்லாம் வரும், உள்பெயர் ஒன்றும் வராது. டிஎன்எஸ்மாஸ்க்கை வலை அட்டையின் முகவரியிலும் கேட்கச் சொல்லி, கன்டெய்னருக்கு அந்த முகவரியைக் கொடுங்கள்.

அறிகுறி: சில நேரம் பெயர் வரும், சில நேரம் வராது

ரிசால்வ்.கான்ஃபைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் உள் சர்வர், இரண்டாவதில் 8.8.8.8 அல்லது வேறொரு பொதுச் சர்வர். "ஒன்று போனால் மற்றது இருக்கட்டும்" என்று நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் ரிசால்வர் இரண்டாவது சர்வரிடம் போவது முதலாவது பதிலே சொல்லாதபோது. உள் சர்வர் அந்த 5 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் கேள்வி வெளியே போகும். வெளியே இருப்பது "இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிடும். "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே, தேடல் அங்கேயே முடிந்துவிடும். ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர் என்றால் இன்னும் மோசம். அதில் இருக்கும் மஸ்ல் என்ற அடிப்படை நூலகம், எல்லாச் சர்வரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும்.

பட்டியலில் இருக்கும் எல்லாச் சர்வரும் ஒரே பதில் சொல்பவையாக இருக்க வேண்டும். மாற்று வேண்டும் என்றால் இரண்டாவது உள் சர்வர் வையுங்கள். வெளிப்பெயர்களை அவை இரண்டும் மேலே அனுப்பிக் கேட்டுக்கொள்ளட்டும்.

அறிகுறி: பெயர் வருகிறது, ஆனால் வேறொருவருடைய பெயர்

கன்னியாகுமரியில் லாட்ஜ் வைஃபையைக் கவனிப்பவர்களுக்கு இது தினசரி வேலை. சூரிய உதயம் பார்க்க வந்தவர் மதியம் அறையைக் காலி செய்கிறார். அவர் போனுக்குக் கொடுத்த எண் மாலையில் வேறொருவர் போனுக்குப் போகிறது. கருவியின் நினைவில் மட்டும் பழைய பெயர். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் புனைந்த மேக் முகவரியைக் காட்டுவதால் அதை வைத்தும் ஆளைப் பிடிக்க முடியாது.

விருந்தினர் வலையில் பெயர் தேடுவதையே நிறுத்திவிடுங்கள். வந்து போகிறவர்களின் போன் பெயர் நமக்குத் தேவையும் இல்லை, அதைச் சேர்த்து வைப்பது சரியும் இல்லை. வைஃபை கொடுக்கும் ஏபி, ஸ்விட்ச், கேமரா என்று நம் சாதனங்களைத் தனி விலேனில் நிலையான எண்ணோடு வைத்தால் இந்தக் குழப்பம் அங்கே வராது.

விண்டோஸ் டிஎன்எஸ் வைத்திருக்கும் கல்லூரி, அலுவலகங்களில் காரணம் வேறு. பழைய பதிவுகளைக் கூட்டிப் பெருக்கும் ஸ்கேவெஞ்சிங் அதில் இயல்பாக அணைந்தே இருக்கும். என்றோ தூக்கிப் போட்ட கணினிகளின் பிடிஆர் பதிவுகள் அப்படியே கிடக்கும். ஓர் எண்ணுக்கு இரண்டு பிடிஆர் இருந்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஸ்கேவெஞ்சிங்கை இயக்குங்கள், ஆனால் முதலில் சர்வர்களின் பதிவுகள் நிலையானவையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு.

அறிகுறி: இரண்டு கணினிகள் ஒரே பெயரில்

விண்டோஸின் பழைய பெயர் முறையான நெட்பயாஸில் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். மார்த்தாண்டம்-பில்லிங்-1, மார்த்தாண்டம்-பில்லிங்-2 என்று ஆங்கில எழுத்தில் வைத்தால், மார்த்தாண்டத்துக்கே 10 போய்விடும். 15ல் வெட்டினால் இரண்டும் "மார்த்தாண்டம்-பில்" என்று நிற்கும். ஊருக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் வைத்து, எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள். பெயரில் அடிக்கோடும் வேண்டாம்; ஹோஸ்ட்நேமில் எழுத்து, எண், இடைக்கோடு மட்டும்.

அறிகுறி: பட்டியல் திறக்கவே நேரம் பிடிக்கிறது

ஒவ்வொரு எண்ணுக்கும் பிடிஆர் கேட்டுக் காத்திருக்கிறது. பெயர் தேடலை அணைத்துப் பாருங்கள். உடனே திறந்தால் காரணம் அதுதான். டிசிபிடம்ப், ஐஎஃப்டாப், ட்ரேஸ்ரூட் எல்லாவற்றுக்கும் -என் இதற்காகவே இருக்கிறது.

அறிகுறி: ஜாபிக்ஸ் ஏஜென்ட் லாகில் "ஹோஸ்ட் கிடைக்கவில்லை"

படித்ததும் டிஎன்எஸ் என்று தோன்றும், ஆனால் டிஎன்எஸ்ஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஏஜென்ட் தானே சர்வரிடம் போய்ப் பேசும் ஆக்டிவ் சோதனையில், ஏஜென்ட்டின் கான்ஃபிக் ஃபைலில் ஹோஸ்ட்நேம் என்று எழுதியது சர்வரில் நீங்கள் வைத்த ஹோஸ்ட் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் கணக்கு. திரையில் தெரியும் காட்சிப் பெயரோடு ஒப்பிட வேண்டாம், அது வேறு புலம்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் பழையபடியே காட்டுகிறது

"இல்லை" என்ற பதிலும் கேச்சில், அதாவது தற்காலிக நினைவில், உட்காரும். எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனின் எஸ்ஓஏ பதிவு சொல்லும். சில இடங்களில் அது மணிக்கணக்கு. கீழிருந்து மேலாகத் துடைத்து வாருங்கள். முதலில் உள் டிஎன்எஸ் சர்வரின் கேச். அடுத்து கருவி ஓடும் கணினியின் கேச். உபுண்டுவில் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ், விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ். கடைசியாகக் கருவியின் சொந்த நினைவு. என்டாப்-என்ஜி கண்டுபிடித்த பெயர்களை ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் வைத்திருக்கும். ரிசால்வ்.கான்ஃபை மாற்றியிருந்தால் கருவியையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். 2017ல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.26க்கு முந்தைய கணினிகளில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்த ஃபைல் மாறியதே தெரியாது.

துடைத்த பிறகு டிசிபிடம்ப்பை மறுபடி ஓடவிட்டு, கேள்வி இப்போது உள் சர்வருக்குப் போகிறதா, பதிலில் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, வேலை குறைவான ஒரு மாலையில் வெளி இணைப்பின் கம்பியை நீங்களே பிடுங்கிவிட்டுத் திரையைப் பாருங்கள். ரூட்டருக்கு வெளியே இருப்பவை மட்டும்தான் சிவக்க வேண்டும்.